முதலாளி காரின் பால் நிற மெத்தை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. எதிர்வீட்டு அத்தைக்குத்தான் அது பொறுக்காது. "படிச்சு என்ன, கலெக்டர் கச்சேரிக்கா போகப் போறா?" என்று, நான் புத்தகத்தோடு வாசலில் இறங்கும்போதெல்லாம் கேட்பாள். என் பெருமைக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று காத்திருந்தேன். அது ஒரு சித்திரை மாதத்தில், காரில் வந்து இறங்கியது.

கார் எங்களுடையது அல்ல. மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. அப்பா அதற்கு டிரைவர். பின்சீட்டில் பால் நிறத் துணி மெத்தை, காலடியில் அரக்கு நிறக் கம்பளம். அப்பா அந்த மெத்தையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தணித்துக்கொள்வார். அவருக்கு முன்னால் இருந்த டிரைவருக்கு வேலை போனது, அதில் விழுந்த வெற்றிலைக் கறையால்தான்.

முதலாளியின் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஸ்ரீரங்கத்தில் நடந்தது. காரை இரவல் கொடுத்திருந்தார். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் மஞ்சள் நீர் விளையாட்டு. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றி ஓய்ந்தபிறகு மாப்பிள்ளை வந்து காரில் ஏறியிருக்கிறார். பெண் வீட்டுப் பெண்கள் ஒரு செம்பு மஞ்சள் நீரை மிச்சம் வைத்திருந்தார்கள். அதை ஜன்னல் வழியாக வீசினார்கள். மாப்பிள்ளை சாமர்த்தியசாலி, குனிந்துகொண்டார். மெத்தைக்குக் குனியத் தெரியவில்லை.

மாப்பிள்ளையை அடுத்த வீதியில் இறக்கிவிட்டு, காவேரிப் பாலம் தாண்டி முதலாளி வீட்டுக்குப் போக வேண்டிய அப்பா நேராக எங்கள் சந்துக்கு வந்துவிட்டார். கதவைத் திறந்து காட்டினார். பால் நிறத்தின் நடுவே தாம்பாளம் அகலத்துக்கு மஞ்சள்.

"சாயங்கால ரயில்ல முதலாளி பொண்ணைப் பாக்க வர்றாங்க. முதலாளியம்மாவே ஜங்ஷனுக்கு வந்து அழைச்சுக்கிட்டுப் போகப் போறாங்க. இந்த எடத்துலதான் உக்காருவாங்க" என்றார். "இதைப் பாத்தாங்கன்னா சாவியை வாங்கி வச்சுக்கிட்டுப் போயிட்டு வாங்கன்னு சொல்லிடுவாங்க."

அவர் வேலை போனால் என் பள்ளிக்கூடமும் போகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த சம்பந்தம் எனக்குத்தான் பேசப்படும் என்றும் தெரியும்.

அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "இதுக்குப் போயா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க? சவுக்காரத்துக்கு அடங்காத கறை உண்டா?" என்று மெத்தையைக் கழற்றி வெளியே எடுக்கச் சொன்னாள். துணி சவுக்காரத்தை நனைத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். மஞ்சள் இருந்த இடம் சிவந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். இரத்தச் சிவப்பாகிவிட்டது.

எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, கல்யாணக் கார்னாங்க. கசாப்புக் கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு."

அப்பா காரின் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாவின் கையில் சவுக்காரம் அப்படியே நின்றது.

எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். அந்தச் சிவப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் விஞ்ஞான டீச்சர் மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்திய காகிதத்தைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்தார், சிவந்தது. புளிப்பு எதிலாவது தோய்த்தால் மறுபடி மஞ்சளாகும் என்று செய்தும் காட்டினார். சவுக்காரமும் சுண்ணாம்பின் கட்சிதான்.

"அம்மா, ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்குதுல்ல? இதுவும் அதுதான். ஊறுகாய்க்கு வாங்கின எலுமிச்சம்பழத்தை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

"ஊறுகாய்க்கு?"

"உங்களுக்கு ஊறுகாய் வேணுமா, அப்பாவுக்கு வேலை வேணுமா?"

அம்மா முறைத்தாள். ஆனால் கூடையோடு வந்தாள். சவுக்கார நுரையை நல்ல தண்ணீரில் அலசி ஒற்றி எடுத்துவிட்டு எலுமிச்சம் சாற்றைப் பிழிந்தேன். சாறு பட்ட இடத்தில் சிவப்பு ஓடியது. சந்தில் கூடியிருந்தவர்கள் 'அடடே' என்றார்கள். நான் நிமிர்ந்து அத்தையை ஒரு பார்வை பார்த்தேன்.

அப்பா எழுந்து வந்து குனிந்தார். "செவப்பு போயிடுச்சும்மா. மஞ்சள் வந்துடுச்சு. அதான் காலையிலேர்ந்து இருக்கே."

கூட்டம் சிரித்தது. அத்தைதான் கடைசியாக நிறுத்தினாள்.

மஞ்சளைப் போக்கும் வழி என் பாடத்தில் இல்லை. ஆனால் என் வெள்ளைத் தாவணியில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா மஞ்சள் பூசிய கையோடு எனக்குத் தலை பின்னுவாள். தோளில் விரல் விரலாகப் பதியும். துவைத்தாலும் கொஞ்சம் நிற்கும். கொடியில் ஒரு பகல் கிடந்தால் இருந்த இடம் தெரியாது.

"வெயில்ல வைக்கணும்" என்றேன். "ஈரத்தோடயே."

அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் மெத்தையை ஒரு பெஞ்சின்மேல் தூக்கி வைத்தார்கள். எங்கள் சந்து குறுகலானது. வெயில் ஒரே இடத்தில் நிற்காது. சுவர் நிழல் நெருங்கும்போதெல்லாம் பெஞ்சு நகர்ந்தது. முன்னால் இருவர் தூக்க, பின்னால் இருவர் தாங்க, பக்கத்தில் நான் எலுமிச்சைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு. மெத்தைக்குப் புறப்பாடு நடப்பதுபோலத்தான் இருந்தது. அத்தைகூடக் குடை கொண்டுவந்தாள்.

"குடையை மடக்குங்க அத்தை. வெயில் படணும்."

"உனக்குடி. கறுத்துப் போனா உன்னை எவன் கட்டுவான்?" என்றாள். குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

இதற்குள் அம்மா கம்பளத்தை உதறினாள். அட்சதை, வெற்றிலைக் காம்பு, நசுங்கிய கதம்பம் எல்லாம் கொட்டின. அரக்கு நிறத்தில் மஞ்சள் துளிகள் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கே சவுக்காரம் போடாமல் ஈரத்துணியால் மட்டும் துடைத்தாள். அதை நான் கவனித்தேன்.

உச்சிப் பொழுதில் மஞ்சள் எலுமிச்சம் தோல் நிறத்துக்கு இறங்கியது. பிறகு மோர் நிறம். சந்து முழுவதையும் நிழல் மூடும்போது, எங்கே கறை இருந்தது என்று இருவர் இரண்டு இடத்தைக் காட்டினார்கள். அப்பா மெத்தையை மாட்டி, கையால் தடவிப் பார்த்து, மோந்தும் பார்த்தார். முகம் மாறியது.

"எலுமிச்சம்பழ வாசனை தூக்குதே. கேட்டா என்ன சொல்றது?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவர் கிளம்பிவிட்டார்.

விளக்கு வைத்த பிறகு நடந்தே திரும்பி வந்தார். நடை வேகத்தைப் பார்த்ததும் நானும் அம்மாவும் எழுந்து நின்றுவிட்டோம்.

"சாவி?" என்றாள் அம்மா.

அப்பா இடுப்பிலிருந்து எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"முதலாளியம்மா ஏறி உக்காந்ததுமே, 'எலுமிச்சம்பழ வாசனையா இருக்கே டிரைவர்'னு கேட்டாங்க. எனக்கு வேர்த்துடுச்சு. 'கல்யாணத்துக்குப் போன வண்டிங்கம்மா, ஊர்க்கண்ணெல்லாம் பட்டிருக்கும்'னேன். நான் முடிக்கல, அவங்களே சொல்றாங்க, 'பழம் சுத்திப் போட்டியா? நல்ல காரியம். பொண்ணு பாக்க வர்றவங்க ஏறுற வண்டி'ன்னு. இனிமே எந்தக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாலும் அப்படியே செய்யணுமாம். பழத்துக்குக் காசும் தர்றாங்களாம்."

அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அத்தை தெருவைத் தாண்டி வந்து முழுக்கதையையும் முதலிலிருந்து கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, "ஏண்டி, என் பட்டுப்புடவையில சாம்பார் கறை ஒண்ணு இருக்கு. உங்க ஸ்கூல்ல அதுக்கு ஏதாவது சொல்லித் தந்தாங்களா?" என்றாள்.

"பள்ளிக்கூடம் தொறந்ததும் கேட்டுட்டு வரேன் அத்தை" என்றேன்.