பிளாஸ்டிக் புல்லுக்குப் பரீட்சை

தண்ணீர் ஊற்றினாலும் உரம் போட்டாலும் ஓர் அங்குலம்கூட வளராத புல்லுக்குப் பரீட்சை வைப்பதுதான் என் பிழைப்பு. செயற்கைப் புல் விரித்த கால்பந்துத் திடல்களுக்குப் போய், பந்து ஒழுங்காகக் குதிக்கிறதா, தரை விழுந்தவரைத் தாங்குகிறதா என்றெல்லாம் பார்த்துத் தரச் சான்றிதழுக்குப் பரிந்துரைக்க வேண்டும். கல்யாண வீட்டில் "என்னா வேலை செய்யிற?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத வேலையில் மாட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் நம் இருவர் கஷ்டமும் ஒன்றுதான். வாருங்கள், என் கதையைக் கேளுங்கள்.

முக்காலியைக் கண்டு கூடிய கூட்டம்

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு புதுத் திடல். நானும் என்னோடு வேலை செய்யும் குமாரும் காலையிலேயே போய், நிலம் அளப்பவர்கள் வைப்பது போன்ற முக்காலியை நிறுத்தினோம். மஞ்சள் மேல்சட்டை, தலையில் தொப்பி. அவ்வளவுதான், பக்கத்து வீடுகளில் இருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள். கைலியோடு ஒருவர், கையில் அகப்பையோடு ஓர் அம்மா. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் அந்த அம்மாதான் வேலியருகே வந்தார். "ரோடு போடப் போறீங்களா? எங்க வீட்டையெல்லாம் எடுக்கப் போறாங்களா?" அந்தப் பக்கம் அளக்க வந்தவர்கள் யாரும் நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை போலிருக்கிறது. நான் வாயால் விளக்குவதை விட்டுவிட்டு, முக்காலியின் உச்சியில் பந்தை மாட்டிக் கீழே விழ விட்டேன். பந்து குதித்தது. கருவி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உயரத்தைக் கணக்கிடும் என்றதும் மொத்தக் கூட்டமும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. அத்தனை அமைதியில் நான் எந்தத் திடலையும் சோதித்ததில்லை. முடிந்ததும் அந்த அம்மா எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பந்து எவ்வளவு வேணும்னாலும் குதிக்கட்டும்மா. எங்க வீடு இருந்த எடத்துல இருந்தா போதும்லா."

அந்தோணி அண்ணனின் பாய்ச்சல்

லகாட்டில், ஈயம் தோண்டிய பழைய குட்டை ஓரத்தில் திடல் வைத்திருக்கிறார் அந்தோணி அண்ணன். அந்த வாரக் கடைசியில் தேவாலய இளைஞர் குழுக்களுக்குப் போட்டி. பேனர் கட்டியாகிவிட்டது, சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. நாங்களோ எடையை விழ விட்டு அதிர்ச்சி தாங்கும் சோதனை செய்துகொண்டிருந்தோம். நடுத்திடலில் பரவாயில்லை. கோல் வாசல் இரண்டிலும் தரை சிமெண்டு மாதிரி இருந்தது. புல்லுக்கு நடுவே தூவிய ரப்பர்த் துகள் எல்லாம் ஓடி ஓடித் தேய்ந்து விலகிப் போயிருந்தது.

"இப்படியே விளையாடினா கோல்கீப்பருங்கதான் பாவம், அண்ணே" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நானும் அந்தக் காலத்துல கோல்கீப்பர்தான், தங்கச்சி. வெறும் செம்மண்ணுல பாய்ஞ்சவன். இது மெத்தை!" என்றவர், நான் தடுப்பதற்குள் கோல் வாசலில் நின்று, வராத பந்துக்கு வலப்பக்கமாகப் பாய்ந்தார். தொப்பென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. குமார் ஓடிப்போய்த் தூக்கிவிட்டான். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கையைத் தடவிக்கொண்டே பேனரைப் பார்த்தார், கோல் வாசலைப் பார்த்தார், பிறகு மெல்லச் சொன்னார்: "போட்டிய அடுத்த மாசம் வச்சிக்கலாம்லா. அதுக்குள்ள துகளும் போட்டுடலாம், என் கையும் சரியாயிடும்."

லெட்சுமியின் தீர்ப்பு

ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு காண்ட்ரக்டர் எங்கள் கூடவே நடந்துகொண்டு, "உண்மைப் புல்லுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காட்டிலிருந்து ஒரு பசு திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்தது. மோந்து பார்த்தது. ஒரு கடி கடித்தது. உடனே தலையை உதறித் துப்பிவிட்டு, தும்மிக்கொண்டே வேலியோரத்து நிஜப் புல்லுக்குப் போய்விட்டது.

எங்கள் சோதனைகளில் திடல் எல்லாவற்றிலும் தேறியது. காண்ட்ரக்டர் முகம் மலர்ந்தது. மாட்டைத் தேடி வந்த அக்கா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "எங்க லெட்சுமி பெயிலுன்னு சொல்லிட்டா. நீங்க எப்படிமா பாஸு போடுறீங்க?"

மகேஸ்வரியின் முட்டி

ஈப்போவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம் நின்ற தோட்டம். இப்போது வரிசை வீடுகள் நிற்கும் தாமான். அங்கே பெண்கள் குழு ஒன்று நன்றாக விளையாடுகிறது. அதன் கேப்டன் மகேஸ்வரி, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. முன்பு வேறோர் ஊரில், மோசமான செயற்கைத் திடலில் விளையாடும்போது பூட்ஸ் தரையில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பி, முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து, டாக்டர் விளையாடலாம் என்று சொல்லியும், அவள் காலில் பூட்ஸ் ஏறவில்லை. பயம்.

நாங்கள் சோதிக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பூட்ஸ் ஆணிகள் பதித்த ஓர் இரும்புத் தட்டு உண்டு. அதன்மேல் எடையை வைத்து, தரையில் ஊன்றித் திருப்ப வேண்டும். சுலபமாகச் சுழன்றால் ஆட்டக்காரர் வழுக்குவார், விடாமல் பிடித்தால் முட்டி போகும். பெனால்டி கட்டத்தருகே ஓர் இடம் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டது. "ஒரே ஒரு எடம்தான மிஸ், விட்டுடுங்களேன்" என்றார் அங்கிருந்த காண்ட்ரக்டர். நான் பதில் சொல்வதற்குள் மகேஸ்வரி எழுந்து வந்தாள். "எனக்கும் ஒரே ஒரு எடம்தாண்ணே" என்று கால்சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

காண்ட்ரக்டர் அந்த இடத்தில் இறுகிப்போன துகளைக் கிளறி, புல்லை நிமிர்த்தி, மறுபடியும் எங்களை அழைத்தார். இந்தத் தடவை திடல் தேறியது. எழுதி முடித்த பிறகு மகேஸ்வரி, "அந்தத் தட்ட நான் ஒரு வாட்டி திருப்பிப் பார்க்கலாமாக்கா?" என்றாள். கொடுத்தேன். அதே இடத்தில் ஊன்றி மெதுவாகத் திருப்பினாள். தட்டு கொஞ்சம் பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தது. இன்னொரு முறை திருப்பினாள். பிறகு தோழியிடம் பூட்ஸைக் கேட்டு வாங்கி, கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. "இது காலை விட்டுடுதுக்கா. அன்னைக்கு அது விடவே இல்ல. நான் எறங்குறேன்."

ஊரெல்லாம் பந்தை உதைத்துச் சந்தோஷப்பட, அதைக் கீழே போட்டுப் பார்த்தே சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நான்தான் என்பதை, அடுத்த கல்யாண வீட்டிலும் யாரும் நம்பப் போவதில்லை.