கேக்குது, கேக்குது

சைக்கிள் ரிப்பேர்க் கடைக்காரர் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுகிறார். இடது ஆள்காட்டி விரல் ஹேண்டிலுக்குக் கீழே, கழுத்துக்குள் இரும்புக் குண்டுகள் உருளும் கப்பின் இடுக்கில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறார். வண்டி கொண்டுவந்தவர் வாயைத் திறந்தால், "நீங்க பேசாதீங்க, வண்டி பேசட்டும்" என்பார். தெருவில் அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். அவரும் மறுத்ததில்லை.

கடை என்பது இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரை. ஸ்பேனர்கள் அளவுவாரியாக ஆணியில் தொங்கும். ஒன்று இடம் மாறினால் அன்று முழுக்க முகம் கடுகடுவென்றிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே கடை முழுக்கத் தேடுவார். "லொடலொடன்னா நட்டு லூசு. திருப்பும்போது கரகரன்னா உள்ள கப்பு தேஞ்சு குழி விழுந்திருக்கு, கழுத்தையே கழட்டணும். ரெண்டையும் குழப்புறவன் சைக்கிளத் தொடவே கூடாது" என்பது தினமும் ஒரு முறையாவது வரும் வசனம்.

அந்தக் கரகரப்பு அவருக்கு ஒரு வருடமாகக் கேட்பதில்லை. பேச்சு கேட்கிறது, தட்டினால் கேட்கிறது. மெல்லிய சத்தங்கள்தான் போய்விட்டன. மனைவிக்கு மட்டும் தெரியும். "ஒரு மெஷின் வாங்கி மாட்டிக்கங்களேன்" என்று அவளும் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"காதுல மெஷினோட உக்காந்தா எவன்டி என்கிட்ட வண்டி விடுவான்?"

போன மாதம் அதே தெரு நர்ஸம்மா தன் சைக்கிளோடு வந்தார். ஹேண்டிலைத் திருப்பிக் காட்டி, "கரகரன்னு கேக்குதாண்ணே?" என்றார். "கேக்குது, கேக்குது" என்றார் டாக்டர், வாய் கூசாமல். பிரேக்கைப் பிடித்து ஆட்டினார், கொஞ்சம் ஆடியது. நட்டை இறுக்கி அனுப்பிவிட்டார். முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்திருந்தால் கையே சொல்லியிருக்கும். கேட்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி சோதித்தால் மானம் என்ன ஆவது? குழி விழுந்த கப்பை இறுக்கினால் ஹேண்டில் திரும்பாமல் நேராகவே பிடித்துக்கொண்டு நிற்கும். தெருமுனைத் திருப்பத்தில் அப்படித்தான் நின்றது. நர்ஸம்மா விழுந்தார்.

இன்று காலை மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உங்க மேல தப்பில்லண்ணே. டியூட்டி முடிஞ்ச அசதி. நான்தான் பாக்காம விழுந்துட்டேன்."

திட்டியிருந்தால் டாக்டர் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பார். இதுவோ பிடரிவரை சுட்டது. அந்த மாவுக்கட்டைப் பார்க்கமாட்டாமல் ஸ்பேனரை எடுத்துக் குனிந்தார்.

கழுத்தைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, பழைய கப்பை நர்ஸம்மாவின் நல்ல கையில் வைத்தார். உள்வட்டம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். "இதுதாம்மா உங்களத் தள்ளிவிட்டது. அன்னிக்கு நான் இதத் திறக்கவே இல்ல." குரல் அவருக்கே பிடிக்காத அளவுக்குச் சன்னமாக வந்தது.

புதுக் கப்பும் புதுக் குண்டுகளும் போட்டு, பார்த்துப் பார்த்து நட்டை முடுக்கினார். பஞ்சருக்குக் காத்திருந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போயிடுச்சாண்ணே?"

"போயி..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். காத்திருந்தவர்களை ஒரு தரம் பார்த்தார்.

"எனக்குக் காது சரியில்லம்மா. அன்னிக்கும் கேக்கல. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

நர்ஸம்மா ஹேண்டில் பக்கம் காதைச் சாய்த்தார். டாக்டர் முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்பினார். இந்த முறை கண்ணை மூடவில்லை. நர்ஸம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.