மொட்டைமாடியில் வந்த தண்ணீர்

திருச்செங்கோட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர் போடுபவர். கல்தூசி படிந்ததுபோல் நரைத்த புருவம். மழைக்கு வண்டி நின்றபோது வீட்டுக்கு வந்தவர், மொட்டைமாடியில் பிவிசி குழாய்களில் ஓட்டை போட்டு, மண்ணே இல்லாமல் புதினாவும் கீரையும் வளர்த்தார். மோட்டார் ஏற்றும் தண்ணீர் குழாய்களில் ஓடி, வேர்களை நனைத்து, மறுபடி தொட்டிக்கே வரும்.

சுவிட்சைப் போட்டதும் இரண்டடி பின்னால் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு குழாய் வாயையே பார்ப்பார்.

"தொட்டித் தண்ணி தானுங்கண்ணா, வராம எங்க போகும்?" என்றேன்.

"போர் போடறப்ப ஊட்டுக்காரங்க சுத்தி நிப்பாங்க சாமி. வெறும் புழுதியா வந்தா அவங்க மூஞ்சியப் பாக்க முடியாது. இங்கதான், தண்ணி வரும்னு தெரிஞ்சு பாக்கறேன்."

தண்ணீர் வந்தது. ஆயிரம் அடியில் கிடைத்ததுபோல் கைதட்டினார். ஏனென்று தெரியவில்லை, நானும் தட்டினேன்.