மாமாவுக்குக் கட்டிய கறுப்புப் பட்டி

பதினொரு வயதில் ஒரு கால்பந்து நடுவரோடு சண்டை பிடித்தேன். அந்தச் சண்டையில் நான் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிழை வேறொரு இடத்தில் நடந்தது, அதைத்தான் எழுதப் போகிறேன். அதற்காக நடுவருக்கு ஒரு சொல்லும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கழகத்தின் சிறுமியர் அணியில் இடதுபக்கம் விளையாடினேன். அணியில் தமிழ்ப் பிள்ளை நான் ஒருத்திதான். மற்றப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்குப் போக, என்னை அப்பா பந்தடிக்கக் கூட்டிக்கொண்டு போவார். பொம்பிளைப் பிள்ளையை இப்படி விடலாமோ என்று கோயிலில் அவர் வாங்கிய பேச்சுக் கொஞ்சநஞ்சமல்ல. எல்லாவற்றையும் பிரசாதத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டு அடுத்த சனிக்கிழமையும் காரை எடுப்பார்.

ஒரு நவம்பரில் இங்கிலாந்திலிருந்து ஒரு சிறுமியர் அணி எங்களோடு ஆட வந்தது. எங்களுக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம். ஒரு கிழமையாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்திறங்கிய பிள்ளைகளின் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, சிவப்பாய் ஒரு பொப்பிப் பூ பொறித்திருந்தது. அதைக் கண்டதும் எங்கள் நடுவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார். விளையாட்டுச் சட்டையில் அரசியல் அடையாளம் எதுவும் கூடாது, அது சட்டம் என்றார். இங்கிலாந்துப் பயிற்சியாளர் இது அரசியலே இல்லை, போரில் செத்த படையினரின் நினைவு என்றார். பெரிய நாடுகளின் ஆட்டங்களிலேயே இந்தப் பூவுக்காக இழுபறி நடக்கிறதாம். எங்கள் பயிற்சியாளரான ஜெர்மன் அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துக் களைத்துப்போனார். குளிரில் நாங்கள் இருபது நிமிடம் துள்ளிக்கொண்டு நின்ற பிறகு, விருந்தாளிகள்தானே, பூ இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்தப் படையினர் யாரோடு சண்டை பிடித்துச் செத்தார்கள் என்பதை அங்கே நின்ற ஒரு ஜெர்மன்காரரும் வாய்திறந்து சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை.

எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்ட எனக்கு, அப்படியென்றால் நானும் கையில் ஒரு துக்கப் பட்டி கட்டலாமே என்று பட்டது. எனக்கும் ஒருவர் இருந்தார், அம்மாவின் தம்பி. நான் நேரில் கண்டதில்லை. நடக்கத் தொடங்கிய வயதில் நான் பந்தை உதைக்கும் படத்தை அம்மா வன்னிக்கு அனுப்ப, இவள் என்னைப் போல இடதுகால்காரி என்று மாமா தொலைபேசியில் சொன்னாராம். அந்த ஒரு வசனத்துக்காகவே அவர் எனக்குச் சொந்தம். போர் முடிந்த நாளில் சரணடைந்தவர்களோடு அவரையும் இராணுவத்தினர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள், மாமி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எட்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. பெரியவர்கள் ஒருவரைப் பற்றிப் பேசாமல் விட்டால் அவர் செத்துவிட்டார் என்றுதான் அர்த்தம் என்று நானே தீர்ப்பெழுதி வைத்திருந்தேன்.

முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலால் என் கறுப்புக் காலுறையின் மேல்பகுதியை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தேன். நடுவர் கழற்றச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அக்கா என் தோளில் கை வைத்து, அது வேறு, உங்கள் நாட்டில் நடந்தது அரசியல் என்று தணிவாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. அவர்களின் ஆட்கள் செத்தால் நினைவு, எங்களின் ஆட்கள் செத்தால் அரசியலா என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன். கத்திவிட்டு நேரே நடுவட்டத்துக்குப் போய் ஈரப் புல்லில் சம்மணமிட்டுக் குந்தினேன். அப்பாவைப் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே நின்றவர், என்னைத் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்தார். எழும்பச் சொல்லவில்லை.

கடைசியில் இங்கிலாந்துப் பயிற்சியாளர்தான் எங்கள் பூ இருக்கலாம் என்றால் அவளுடையதும் இருக்கட்டும் என்றார். நடுவர் விசிலை எடுத்தார். நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். எனக்கு அதில் துளியும் கவலை இல்லை. படம் எடுத்துக்கொண்டிருந்த உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஓடிவந்து யாருக்காக இந்தப் பட்டி என்று கேட்டார். போரில் செத்த மாமாவுக்கு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அடுத்த கிழமை என் படம் வந்தது. அப்பா ஐந்து பிரதி தூக்கிக்கொண்டு வந்தார். லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துவிட்டு, படத்தின் கீழே இருந்ததை விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். பாராட்டப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"ஆர் உனக்குச் சொன்னது என்ரை தம்பி செத்திட்டான் எண்டு?"

எங்கள் வீட்டில் செத்தவர்களின் படங்கள் சாமி அறையில் மாலையோடு இருந்தன. மாமாவின் படம் வரவேற்பறையில், ரிவிப் பெட்டிக்கு மேலே, உயிரோடிருப்பவர்களின் கலியாணப் படங்களுக்கு நடுவில் மாலையில்லாமல் தொங்கியது. அவருக்கு ஒரு திவசமும் நடக்கவில்லை. ஊரில் மாமி குங்குமப் பொட்டோடும் தாலியோடும் திரிந்தார். மரணச் சான்றிதழ் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கோ என்று இரண்டு தரம் வந்த அரசாங்க அதிகாரிகளை இரண்டு தரமும் வாசலோடு அனுப்பினவர் அவர். எட்டு வருஷமாக அவர்களால் செய்விக்க ஏலாததை நான் ஒரு காலுறைத் துண்டால் செய்துவிட்டேன்.

பிள்ளை தெரியாமல் செய்ததுதானே என்று அப்பா இழுத்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. டொக்டர், அலுவலகம் என்று எந்த டெர்மினுக்கும் அப்பாவைத் துணைக்கு அழைக்கிறவர், அன்றைக்குத் தானே பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்து நேரம் குறித்தார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பத்திரிகைக்காரர் கதிரை தந்தார், தேநீர் தந்தார். மாமா சாகவில்லை, பிழையாகப் போட்டுவிட்டீர்கள், திருத்திப் போடுங்கள் என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் குழம்பிப்போய், அப்படியென்றால் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

"பஸ்ஸில ஏத்தினவையிட்டைக் கேக்கச் சொல்லு."

இதை எப்படி ஒரு வெள்ளைக்காரருக்குச் சொல்வது? வெட்கத்தில், அம்மாவுக்குத் தெரியாதாம் என்று சொல்லிவைத்தேன். அம்மாவுக்கு அவ்வளவு ஜெர்மன் விளங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் சொன்னதைச் சொல்லு."

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு எழுதினார்.

மூன்று வரி வந்தது. வீராங்கனையின் மாமா இறக்கவில்லை, தவறுக்கு வருந்துகிறோம் என்று. வகுப்பில் என்னைப் பொய்க்காரி என்றார்கள். உயிரோடிருக்கிற ஆளுக்குத் துக்கப் பட்டி கட்டினவள் என்று அணியிலும் சிரித்தார்கள். நடுவருக்கு முன்னால் நான் உட்கார்ந்து வென்றதையெல்லாம் அம்மா ஒரு மத்தியானத்தில் குப்பையில் போட்டுவிட்டார் என்று நான்கு நாள் அவரோடு பேசவில்லை. இல்லாததை இருக்கிறதென்று சொல்கிற கோழை என்றுகூட நினைத்தேன். வாயால் சொல்லவில்லை, அதுவரைக்கும் தப்பினேன்.

அம்மா அந்த மூன்று வரியை வெட்டி, பதிவுத் தபாலில் மாமிக்கு அனுப்பினார். மாமி அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, காணாமல் போனவர்களைத் தேடும் பெண்கள் தெருவோரத்தில் கொட்டில் போட்டு இருந்த இடத்துக்குக் கொண்டுபோய், மாமாவின் படத்தோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாராம். அங்கே ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. அம்மா தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தபடி வருகிறவர்களுக்கெல்லாம் மாமி விரலை வைத்து வாசித்துக் காட்டினாராம். மாமா சாகவில்லை என்று அச்சில் போட்ட காகிதம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். என்னைச் சிரிப்புக்கிடமாக்கத்தான் அம்மா அதை வாங்கினார் என்று அன்றைக்கு நான் அழுதுகொண்டிருந்தேன்.