புதன்கிழமை அடுப்பு

பழவங்காடியில் கணபதி கோவிலுக்கு நாலு கடை தள்ளி இருந்த சாம்பசிவன் காபி கிளப்பில் மொத்தம் நாலு அடுப்பு. மூன்றில் வியாபாரம் நடக்கும். நாலாவது அடுப்பு, புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, யாருடைய முறையோ அவனுக்குச் சொந்தம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அடுக்களைக்குத் தலைவரான சரக்கு மாஸ்டர் பஞ்சாபகேசன். புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஜோசியக் காரணம் எதுவும் கிடையாது. முதலாளி சாம்பசிவன் அன்றைக்குத்தான் சரக்கு எடுக்க ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போவார். அவர் தலை மறைந்ததும் சமையல்காரர்களில் ஒருவன் தன் மனசுக்குத் தோன்றியதைச் செய்து பார்க்கலாம். "இப்படி யாராவது பண்ணுவாளோ?" என்று மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. செய்தது எதுவானாலும் முதல் வாய் பஞ்சாபகேசனுக்கு. நன்றாக வந்தால் வாசல் பலகையில் ஏறும். வராவிட்டால் இலையில் இருப்பதை முழுக்க அவரே தின்று முடித்துவிடுவார்.

ஒன்பது வருஷத்தில் பலகை ஏறியவை மூன்றே மூன்று. அதில் பலாக்கொட்டை மசாலாவுக்கு மட்டும் கோர்ட்டு குமாஸ்தாக்கள் அடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த மூன்றுக்காகத்தான் எண்ணெய்ச் செலவைப் பற்றி முதலாளி தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தார். மற்றதெல்லாம் பஞ்சாபகேசனின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. வெந்தயக் காபியைக்கூட அவர் டம்ளரின் அடி வரை குடித்திருக்கிறார்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1943. பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் நின்றுபோய், ஊர் முழுக்க ரேஷன். இட்லி இல்லை, தோசை இல்லை. வருகிறவர்கள் வெறும் காபியைக் குடித்துவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போனார்கள். மாசி பிறந்ததும் சாம்பசிவன் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பஞ்சு, பங்குனி உத்ஸவத்துக்குக் கொடியேற்றம் வரைக்கும் பார்ப்பேன். காலம்பற இலையில போட ஏதாவது வேணும். இல்லேன்னா ரெண்டு அடுப்பை அணைச்சிடறதாக்கும். கடைசியா வேலைக்கு வந்தவன் முதல்ல போவான்."

கடைசியாக வந்தவன் சேஷன். முப்பத்தைந்து வயது, மூன்று பெண் குழந்தைகள். கைச்சுத்தமான வேலைக்காரன், ஆனால் யாராவது முறைத்தால் உப்பை இரண்டு தரம் போட்டுவிடுவான். அந்த வாரம் முறை அவனுடையது.

சந்தையில் மலிவாகக் கிடைத்தது மரவள்ளி என்கிற மரச்சீனிக்கிழங்கு ஒன்றுதான். அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்த பஞ்சாபகேசனும் சரி, அவருக்குக் கீழே இருந்த ஐந்து சமையல்காரர்களும் சரி, ஒருவரும் அதைத் தொட்டுச் சமைத்ததில்லை. சேஷன் நாலு கிழங்கை உரித்து, பச்சையாகவே துவரம்பருப்போடு அரைத்து, கனமாக அடை வார்த்தான். வாசனை பிரமாதம். பஞ்சாபகேசன் ஒரு வாய் போட்டார். கசந்தது. வழக்கப்படி முழுசையும் தின்றார்.

அரை மணி நேரத்தில் தலை சுற்றியது. பின்கட்டில் விறகுக் குவியலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். விறகு பிளந்துகொண்டிருந்த வேலாயுதன் கோடாலியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். பாறசாலைப் பக்கத்து ஆள். பின்வாசல் நடை வரைக்கும் வருவான், அதைத் தாண்ட மாட்டான். கோவில் நடை எல்லா ஜாதிக்கும் திறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஹோட்டல் அடுக்களை நடை இன்னும் திறக்கவில்லை.

"சாமி, என்னத்தத் தின்னிய?"

"மரச்சீனி அடை."

"அவிச்சு அரச்சியளா, பச்சைக்கா?"

"பச்சையாத்தான்."

வேலாயுதன் தலையில் கைவைத்துக்கொண்டான். "எங்க வீட்டுல கொச்சுப் பிள்ளைக்கும் தெரியுமே சாமி! சீவிப்போட்டு ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணியக் களையணும். அது கட்டு உள்ள கிழங்கு, வெஷம். நீங்க இருந்து பேசுததே பாக்கியம்."

நடைக்கு உள்ளே சேஷன் வெளிறிப்போய் நின்றான். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்திருந்தான், கணக்குத் தீர்த்துக்கொண்டு போகிறவனைப்போல.

அன்று மாலை கரமனை வீட்டில் அவர் மனைவி சுப்புலக்ஷ்மி மோரில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவந்தாள். "ஆத்துல ரசத்துக்கு உப்பு ஒரு கல் கூடினா மூஞ்சி கோணறது. அங்கே மட்டும் யார் எதைக் கரைச்சுக் கொடுத்தாலும் முழுங்கறேளே!"

"நான் முழுங்கறேன்னு தெரிஞ்சாத்தான் அவா கரைப்பாடி" என்றார் பஞ்சாபகேசன் கண்ணை மூடியபடி.

"நன்னா கரைச்சா, போங்கோ" என்று அவள் இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

மறுநாள் விஷயம் முதலாளி காதுக்கு எட்டியிருந்தது. "கொடியேற்றம்வரை எதுக்கு? சேஷனை இன்னிக்கே அனுப்பிச்சுடு. உனக்குப் பதிலா கஸ்டமர் யாராவது தின்னிருந்தா?"

"அதுக்குத்தானே முதல்ல நான் திங்கறது."

"நீ செத்துப்போயிருந்தா?"

"சாகலையே. அடுத்த புதனும் அவன் முறைதான்."

"எந்தா பஞ்சு, பைத்தியமா உனக்கு?"

"இன்னிக்கு அவனை அனுப்பிச்சா, மிச்சம் நாலு பேரும் நாளையிலேர்ந்து வெறும் உப்புமாதான் கிண்டுவா. உப்புமாக்கு ரவையும் கிடைக்கலை. அப்புறம் உங்க இஷ்டம்."

சாம்பசிவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கல்லாவுக்குத் திரும்பினார். அவர் சரி என்று சொல்வது அப்படித்தான்.

அடுத்த புதன்கிழமை பஞ்சாபகேசன் ஒரு காரியம் செய்தார். வேலாயுதன் உள்ளே வர முடியாது. ஆகவே ஒரு இரும்பு அடுப்பைத் தூக்கிக்கொண்டு அவரே விறகுக் கொட்டகைக்குப் போனார். சேஷனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அண்ணா, விறகு பிளக்கறவன்கிட்ட நான் சமையல் கேக்கணுமா?"

"தலை சுத்தினது எனக்கு. உனக்கென்னடா வெக்கம்?"

வேலாயுதன் முந்தின நாளே வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தான்: சீவி, கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டி, வெயிலில் காயவைத்த துண்டுகள். ராத்திரியே ஊறப்போட்டதைச் சேஷன் பருப்போடும் வற்றல் மிளகாயோடும் அரைத்தான். கல்லில் ஊற்றினால் பசைபோல ஒட்டியது. திருப்பினால் பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. பஞ்சாபகேசன் ஒரு கட்டையில் உட்கார்ந்திருந்தார். மாவில் கொஞ்சம் தேங்காயைத் துருவிப் போட்டால் தேவலை என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. வெற்றிலையை மடித்து வாயில் அடைத்துக்கொண்டார்.

மூன்றாவதும் பிய்ந்ததும் சேஷன் கரண்டியை எறிந்தான். "இது என் தலையெழுத்து!"

"தலையெழுத்து ஒண்ணும் இல்ல, தீ கூடுதல்" என்றான் வேலாயுதன். "மரச்சீனிக்கு ஆளிக்கத்துற பெருந்தீ ஆகாது. இந்தப் புளியங்கட்டைய வலிக்கேன், பாருங்க." இரண்டு விறகை இழுத்து மண்ணில் தேய்த்து அணைத்தான். மிச்சமிருந்த கனலைப் பரப்பினான்.

சேஷன் கரண்டியைப் பொறுக்கி எடுத்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, மாவை இன்னும் கரகரவென்று அரைத்து, அரைமூடித் தேங்காய் துருவிப் போட்டு, கை நிறைய முருங்கைக்கீரையும் உதிர்த்துப் போட்டான். முருங்கைக்கீரை பஞ்சாபகேசனுக்குத் தோன்றாத விஷயம். கனலில் அடை நிதானமாக வெந்தது. ஓரம் சிவந்து, தானே கல்லை விட்டது.

முதல் வாய். சேஷனும் வேலாயுதனும் அவருடைய தாடையையே பார்த்தார்கள்.

"இன்னொண்ணு போடு" என்றார் பஞ்சாபகேசன். வழக்கத்துக்காக இல்லை, பசித்துத்தான் கேட்கிறார் என்பது இருவருக்கும் புரிந்தது.

பலகையில் வெறுமே 'அடை' என்று எழுதினால் போதும் என்றார் முதலாளி. பஞ்சாபகேசன் 'மரச்சீனி அடை' என்று எழுதினார். தெரியாமல் தின்றவன் தெரிந்த பிறகு வர மாட்டான் என்பது அவர் கட்சி. ரிட்டயர்டு கோர்ட்டு குமாஸ்தா வெங்கடேஸ்வரன் பலகையைப் படித்துவிட்டு, "சிவசிவா" என்று படி இறங்கினார். பக்கத்து இலையைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஏறி உட்கார்ந்தார். கொடியேற்றத்தன்று காலை எட்டு மணிக்கெல்லாம் மாவு தீர்ந்துவிட்டது. சேஷன் வேலையில் இருந்தான். நாலு அடுப்பும் எரிந்தன.  முதலாளி மரச்சீனி மூட்டைக்கு ஆரியசாலையில் சொல்லிவைத்துவிட்டு வந்தார்.

அடுக்களைக் கதவின் பின்னால் புதன்கிழமை முறைக்கு ஒரு சிலேட்டு தொங்கும். அதில் ஐந்து பெயர். அன்று மத்தியானம் பஞ்சாபகேசன் ஆறாவதாக ஒரு பெயர் எழுதி, சிலேட்டைக் கொண்டுபோய் விறகுக் கொட்டகைத் தூணில் மாட்டினார். வேலாயுதன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"சாமி, இது எம் பேரில்லா?"

"உன் பேருதான்."

"நான் வச்சா நீங்க திம்பியளா?"

"முதல் வாய் யாருக்குன்னு ஊருக்கே தெரியுமே."

அவன் முறை வந்த புதன்கிழமை, வேலாயுதன் மரச்சீனியை வேகவைத்து, காந்தாரி மிளகாயும் தேங்காயும் தட்டிப் போட்டுக் கிளறி, இலையில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். மற்ற நாலு சமையல்காரர்களும் அன்றைக்குப் பசியில்லை என்று சொல்லி நடைக்குள்ளேயே நின்றுகொண்டார்கள். பஞ்சாபகேசன் கட்டையில் உட்கார்ந்து ஒரு வாய் போட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. காது சிவந்தது. இலையைக் காலி செய்தார்.

"எப்பிடி சாமி?"

"மிளகாய்... பாதி போதும்" என்று ஊதிக்கொண்டே சொன்னார். "அடுத்த முறை பாதி போடு. பலகையில ஏறும்."

சேஷன் நடையைத் தாண்டி வெளியே வந்தான். வரும்போதே கையில் ஒரு இலை நறுக்கு வைத்திருந்தான்.

"எனக்கும் கொஞ்சம் போடு, வேலாயுதா. உன் தண்ணிச் செம்பையும் இப்படித் தள்ளி வை."