பட்டியலில் இல்லாத மாட்யூல்

இதை நான் இட்டுக்கட்டி எழுதவில்லை. எனக்கு நடந்தது. இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏனென்றால் இதைச் சொன்னால் பேயைவிட என் யோக்கியதைதான் முதலில் வெளியே வரும். பரவாயில்லை, வரட்டும்.

இன்னொன்று. இது ராத்திரி நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல், மதியம் இரண்டு மணிக்கு மேல். அமாவாசை, நடுஜாமம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

என் பெயர் அன்பரசி. சொந்த ஊர் சந்தவாசல். வேலூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நான் சேர்வதற்கு இரண்டு மாதம் முன்புவரை அங்கே வெற்றிச்செல்வன் என்று ஒருவன் இருந்தான். ஜவ்வாது மலைக்காரன். பங்குனி மாதம் மலைப்பாதையில் பைக் சறுக்கிச் செத்துப்போனான். அவன் இடத்துக்குத்தான் என்னை எடுத்தார்கள். நான் அவனைப் பார்த்ததே இல்லை.

பார்க்காதவன் மேல், அதுவும் செத்துப்போனவன் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். நான் எதைச் செய்தாலும் ஆபீஸில் அவன் பேச்சுதான். "வெற்றி இருந்தா பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பான்." டீ குடிக்கும்போதும் வெற்றி, மீட்டிங்கிலும் வெற்றி. உயிரோடு இருக்கிறவனாக இருந்தால் என்றைக்காவது ஒரு தப்பு செய்வான், நானும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன். செத்தவன் இனிமேல் தப்பே செய்யமாட்டானே! எனக்கு வயிறு எரிந்தது.

மலைமேல் சாமை கொள்முதல் செய்கிற மையம் ஒன்று இருக்கிறது. மூட்டையைத் தராசில் வைத்தால் எடை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும். பெட்டி சீட்டு அடித்துக் கொடுக்கும். உள்ளே ஓடுவது ஜாவா மொழியில் எழுதிய புரோகிராம். மொத்தமும் தனித்தனித் துண்டுகள், ஒவ்வொரு துண்டும் ஒரு மாட்யூல். ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், மற்றவை பாட்டுக்கு ஓடும். தராசு மாட்யூல் வெற்றி எழுதியது. நாலு வருஷமாக ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை.

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புதிதாக ஒரு தராசு மாட்யூல் எழுதினேன். பழையது சீக்கிரம் படுத்துவிடும் என்று மேனேஜர் அசோக்குமாரிடம் அளந்துவிட்டேன்.

"ஓடறத ஏம்மா நோண்டற?"

"நாளைக்கு நின்னுட்டா என்னைக் கேக்காதீங்க சார்."

"சரி, போட்டுட்டு வா. ஆனா திங்கக்கிழமை காலைல கொள்முதல் ஆரம்பம். ஓடலன்னா உன் பொறுப்பு. இன்னும் உனக்கு வேலை நிரந்தரம் ஆகல, ஞாபகம் வெச்சுக்கோ."

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் மலை ஏறினேன். மையத்தைப் பார்த்துக்கொள்கிற மங்கம்மாள் அக்கா வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது, எதிர்ப்பக்கத்துப் புளியமரமே சரியாகத் தெரியவில்லை.

"வெற்றி தம்பி போட்டதுக்கு இன்னா கொற?" என்றாள்.

"பழசாயிடுச்சிக்கா."

"இன்னாவோ போ. நான் வூட்டுக்குப் போய்ட்டு டீ போட்டு எடுத்தாறேன்."

ஒரு பெரிய ரூம். மூலையில் மேஜை, பெட்டி, பிரிண்டர். நடுவில் தரையோடு பதித்த தராசு. அதன் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் எடை காட்டுகிற டிஸ்ப்ளே. 0.00 என்று காட்டிக்கொண்டிருந்தது.

மதியம் 2:10. வெற்றியின் மாட்யூலை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்னுடையதைப் போட்டேன். சோதனைக்கு ஐந்து கிலோ படிக்கல்லைத் தராசில் வைத்தேன்.

சீட்டு வரவில்லை. திரையில் எரர்.

ஜாவாவில் கிளாஸ் என்றால் ஒரு பொருளை வார்க்கிற அச்சு மாதிரி. எரர் சொன்னது இதுதான். எடை என்கிற கிளாஸை எடை என்கிற கிளாஸாக மாற்ற முடியாது. படிக்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் இந்த மாதிரி மாட்யூல் வேலையில் இது சகஜம். ஒவ்வொரு மாட்யூலும் தன் கிளாஸைத் தன் இடத்தில் இருந்து ஏற்றிக்கொள்ளும். ஒரே பெயர், ஒரே முகம் இருந்தாலும் இரண்டு இடத்தில் இருந்து வந்தால் ஜாவாவுக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். இவன் அவன் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிடும்.

காரணமும் எனக்குத் தெரியும். ஒரு மாட்யூலை நீக்கினாலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற மற்ற மாட்யூல்கள் உடனே விடாது. நீக்கப்பட்டது உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு இருக்கும். ரிஃப்ரெஷ் கொடுத்தால் போய்விடும். கொடுத்தேன்.

2:35. அதே எரர்.

மொத்தத்தையும் நிறுத்தினேன். சேமித்து வைத்திருக்கிற பழைய நகல்கள் எல்லாவற்றையும் அழித்தேன். பெட்டியையே அணைத்துப் போட்டேன். மாட்யூல் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். வெற்றியினுடையது அதில் இல்லை.

2:58. அதே எரர்.

எனக்கு வந்தது பயம் இல்லை. ஆத்திரம். "செத்தும் விடமாட்டியாடா நீ?" என்று வாய்விட்டே கேட்டேன்.

பீப்.

தராசு. எடை ஒரே நிலையில் நின்றால் அடிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். படிக்கல்லை நான் முன்னமே எடுத்துக் கீழே வைத்திருந்தேன். டிஸ்ப்ளேயில் 0.00. ஏதோ காற்று என்று திரும்பி உட்கார்ந்தேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய ஒரே வேலைதான் உண்டு. அந்தக் கிளாஸையே கேட்கவேண்டும், நீ எங்கே இருந்து வந்தாய் என்று. நாலு வரி எழுதி ஓடவிட்டேன். பதில் வந்தது. வெற்றி என்ற பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் தராசு மாட்யூல். பதிப்பு 4.1.

அந்தப் பெட்டியில் அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது. அது லேப்டாப்பில் இருக்கிற மாதிரியான ஃபோல்டர்.

கீழே ஒரு வரி இருந்தது. கடைசியாக மாற்றிய நேரம்... இன்று, மதியம் 3:02.

மணி பார்த்தேன். 3:06.

யாரோ அவன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். என் போனையும் அணைத்தேன். இப்போது அந்த ரூமில் பெட்டி, தராசு, நான். வேறு எதுவும் எதனோடும் பேசமுடியாது. என் மாட்யூலில் ஒரு இடத்தைத் திருத்தி, மறுபடி போட்டேன்.

எரர். கிளாஸைக் கேட்டேன். பதிப்பு 4.2. நேரம் 3:14.

இன்னொரு வழியில் திருத்தினேன்.

பதிப்பு 4.3. நேரம் 3:19.

நான் ஒன்று எழுதினால், அதை முறியடிக்க எதிர்ப்பக்கம் அவன் ஒன்று எழுதுகிறான். என்னைவிட வேகமாக. என்னைவிடச் சுத்தமாக. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பீப்.

திரும்பினேன். டிஸ்ப்ளேயில் 57.60.

தராசின்மேல் ஒன்றும் இல்லை.

எழுந்து போனேன். கிட்டே போகப் போக எண் அசையவில்லை. 57.60. குனிந்து கையால் துழாவினேன். இரும்புத் தகடு. சில்லென்று இருந்தது.

தராசு கெட்டுவிட்டது, அதனால்தான் இத்தனை எரர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதிக்க ஒரே வழி. செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஏறி நின்றேன்.

என் எடை 52. சரியாக 52.

பீப்.

109.60.

இறங்கவேண்டும் என்று தோன்றியது. கால் வரவில்லை. என் இடது தோள் பக்கம்... யாரோ நெருங்கி நிற்கும்போது நமக்குத் தெரியும் இல்லையா... அப்படி.

மூச்சுச் சத்தம் எதுவும் இல்லை.

குதித்து இறங்கினேன்.

57.60.

பிறகு, 0.00.

பிறகு மேஜைப் பக்கம் பிரிண்டர்... கிர்ர்ர்.

போய்ப் பார்த்தேன். வெற்றுச் சீட்டு. திரையில் மாட்யூல் பட்டியல் திறந்திருந்தது. நான் திறக்கவில்லை.

என் மாட்யூல் அதில் இல்லை.

தராசு மாட்யூல், வெற்றிச்செல்வன், பதிப்பு 4.4. ஓடிக்கொண்டிருக்கிறது.

மணி 3:31.

வெளியே ஓடிவந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். மங்கம்மாள் அக்கா தூக்குச் சட்டியோடு பனிக்குள் இருந்து வந்தபோது நாலு ஆகியிருக்கும். உள்ளே போனவள் ஒரு மூட்டையை இழுத்துத் தராசில் போட்டாள். பீப் என்றது. உடனே சீட்டு வந்தது. 41.20, எல்லாம் சரியாக இருந்தது.

"ஆயிட்ச்சா? நீ பண்ணதா?"

"ஆமாக்கா. நான்தான்" என்றேன்.

சொன்னதும் உள்ளே திரும்பிப் பார்த்தேன். டிஸ்ப்ளே அமைதியாக இருந்தது.

திங்கட்கிழமை கொள்முதல் நன்றாக நடந்தது. அசோக்குமார் முதல்தடவையாக "பரவாயில்லையே" என்றார். என்னால் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவன் லேப்டாப் எங்கே சார் என்று கேட்டேன். அது கம்பெனியுடையது இல்லை, அவன் சொந்த லேப்டாப், வீட்டில்தான் இருக்கும் என்றார்.

அப்படியானால் வீட்டில் யாரோதான். கேபிளைப் பிடுங்கியதை மறந்துவிட்டேன். தராசில் ஏறியதைக்கூட மறந்துவிட்டேன், அவ்வளவு ஆத்திரம். அன்றைக்கே மறுபடி மலை ஏறி, விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவி சசிகலா. என் வயதுதான் இருக்கும். சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸில் இருந்து வருகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது.

"அவரு லேப்டாப்பு யாருகிட்ட இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"அவருகிட்டதான்."

எனக்குப் புரியவில்லை.

"எங்க பக்கம் எரிக்கிறதில்லங்க, பொதைக்கிறதுதான். நான்தான் அதையும் குழியில வெக்கச் சொன்னேன். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து என் மூஞ்சிய ஒழுங்கா பாத்ததில்ல அவரு. எப்பப் பாரு அதுகூடதான். அதயே கட்டிக்கிட்டுப் போவட்டும்னு நெஞ்சு மேல வெச்சி மூடிட்டேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இப்பவும் நீங்க அவர விடமாட்டேன்றீங்க, இல்ல? நேத்து மதியம் குழிக்கு வெளக்கு வெக்கப் போனேன். மூணு மணி இருக்கும். மண்ணுக்குள்ள லேப்டாப்பு தட்டற சத்தம். அவரு தட்டறது எனக்குத் தெரியாதா? நேத்து அவ்ளோ வேகமா... யாரு மேலயோ கோவமா தட்டினாரு."

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தப் புது பொண்ணாங்க?"