அக்காவின் மேசையில் நான் விழுந்தது

அக்கா மேல் எனக்குப் பல வருடக் கோபம் ஒன்று உண்டு. எந்த ஊருக்குப் பேசப் போனாலும் என் நாடித்துடிப்பின் படத்தைத் திரையில் போட்டு, "இவர் ஒரு வெல்டர். நல்ல ஆகிருதி. ஊசியைப் பார்த்ததும் விழுந்துவிட்டார்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கி வருகிறாள். பெயரைச் சொல்லுவதில்லையாம். அவளுக்குத் தெரிந்த வெல்டர் வேறு யார்?

அக்கா ஆராய்ச்சி டாக்டர். நாம் எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கப் பார்க்கும். நாம் நினைக்காமலே சில நரம்புகள் அதை மேலே தள்ளிவிடும். அந்த நரம்புகள் மக்கர் பண்ணினால் இதயம் தறிகெட்டு ஓடும், கண் இருட்டும், ஆள் சாய்வார். அதுதான் அவள் படிப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிய எனக்கே புரியவைத்துவிட்டாள். "மோட்டார் சரியில்லைன்னா மாடிக்குத் தண்ணி ஏறாதுல்ல, அதாண்டா இது."

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த அறை லிஃப்ட் பக்கத்தில் இருந்தது. உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைத்த இடம். நடுவில் ஒரு நீள மேசை. ஆளைப் படுக்கவைத்து, பட்டை போட்டுக் கட்டி, பொத்தானை அமுக்கினால் மேசையே மெல்ல நிமிர்ந்து ஆளை நிற்கவைக்கும். துடிப்பும் பிரஷரும் பக்கத்துப் பெட்டியில் கோடாக ஓடும். அதன் கால்பலகை விரிசல் விட்டதால்தான் என்னைக் கூப்பிட்டாள். பின்கட்டில் வைத்துப் பற்றவைத்து, திரும்ப மாட்டிவிட்டு, கிறீச்சிடுகிறதா என்று பார்க்க ஓரமாக நின்றேன்.

அன்று வந்திருந்தவள் ஒரு பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் நின்றபடியே அடிக்கடி சுருண்டு விழுகிறவள். எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. அதனால் கம்பெனியில் அவளுக்கு 'நாடகம்' என்று பட்டப்பெயர். கம்பெனி டாக்டரும் கூடவே வந்திருந்தார். நடிப்பு என்று அவர் எழுதிவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

மேசை நிமிர்ந்ததும் அவள் துடிப்பு எகிறியது. முகம் வெளுத்தது. கம்பெனி டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "நல்லா இருக்கற ஆளக் கட்டி நிறுத்தினாலும் இப்படித்தான் அடிச்சுக்கும் மேடம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "தடியா, ஏறிப் படு."

"நானா? எனக்குக் கடையில வேல கெடக்கு."

"எல்லாத்துக்கும் முன்னால வந்து நிப்பியே, இங்க நில்லு பாப்போம்."

நின்றேன். துடிப்பின் கோடு ஏறாமல் இறங்காமல், நிறுத்திவைத்த லாரி மாதிரி ஒரே இடத்தில் இருந்தது. "பாத்தியாம்மா, இரும்பு!" என்று கண்டக்டரிடம் பீற்றிக்கொண்டேன். அப்போது ரத்தம் எடுக்க நர்ஸ் ஊசியோடு வந்தாள். அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தால் மேலே மின்விசிறி, பக்கத்தில் அக்கா முகம்.

"உங்க நல்ல ஆளே விழுந்துட்டாரு. அப்புறம் இந்த மேசைய எப்படி நம்பறது?" என்றார் கம்பெனி டாக்டர். கண்டக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். உதவி பண்ண வந்து அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டேனே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்காவோ சிரித்தாள். பெட்டி அச்சடித்துத் தந்த எங்கள் இருவரின் காகிதச் சுருள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

"ரெண்டு பேருக்கும் மயக்கம்தான் சார், ஆனா வர்ற வழி வேற. இவனுக்கு ஊசி வர்ற வரைக்கும் ஒண்ணுமே இல்ல. அதப் பாத்ததும் துடிப்பு, பிரஷர் ரெண்டும் தொபீர்னு விழுந்திருக்கு. இந்தப் பொண்ணுக்குப் பிரஷர் விழவே இல்ல. நிமிர்த்தின உடனே துடிப்பு மட்டும் விறுவிறுன்னு ஏறுது, படுக்கவெச்சா இறங்குது. இவளுக்கும் முன்னாடியே ஊசி குத்தித்தான் ரத்தம் எடுத்தோம், கண்ணக்கூட சிமிட்டல."

"பயத்துல ஏறுதுன்னா?" என்றார் கம்பெனி டாக்டர்.

"பயம் படுத்திருந்தா மட்டும் போயிடுமா? இந்தாங்க பொத்தான். நீங்களே பாருங்க."

கண்டக்டரை மறுபடி மேசையில் கட்டி, அவரே நிமிர்த்தினார், துடிப்பு ஏறியது. படுக்கவைத்தார், இறங்கியது. நம்பாமல் மறுபடியும் செய்தார். அதே கதைதான்.

"முகத்த வெச்சு நடிக்கலாம் சார்," என்றாள் அக்கா. "இதயத்துக்கு யாரு வசனம் எழுதித் தர்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். வியாதி உண்மை, சிகிச்சை வேண்டும், உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுக்கவும் என்று எழுதினார்.

கண்டக்டர் அதை வாங்கிப் படித்தாள். "அப்போ நான் நடிக்கலல்ல?"

"உனக்கு எங்கம்மா நடிக்க வரும்? இங்க நடிச்சது இவன்தான், இரும்பு மாதிரி."

கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

அவளுக்கு மாத்திரை, நிறைய தண்ணீர், கூடுதல் உப்பு, இறுக்கமான காலுறை, காலுக்குப் பயிற்சி. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். இன்று டிப்போவில் டிக்கெட் கவுன்டருக்கே அவள்தான் தலைமை. 'நாடகம்' என்று கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வராது. நடிப்பு என்று துரத்தப்பட்ட எத்தனையோ பேர் அந்த லிஃப்ட் அறையைத் தேடி வந்தார்கள். அறை போதவில்லை. இப்போது அக்காவுக்கு ஒரு மாடி முழுக்கக் கொடுத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலிகள்தான் இடம் தேடி அலைகின்றன.

நேற்று போன் பண்ணினாள்.

"புது மேசை வந்திருக்குடா. நாளைக்குத் திறப்பு. அந்த கண்டக்டர் பொண்ணுதான் பொத்தான அமுக்கறா. முதல்ல நீ ஏறிப் படுக்கணும். நல்ல சட்டையா போட்டுக்கிட்டு, வயிறு நிறைய சாப்பிட்டுட்டு வா. ஊசி உண்டு."